கையெழுத்து இல்லாத எழுத்து

ஒரு சின்னப் பரீட்சை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டே எழுதலாம். பேனா வேண்டாம்.

உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிற விளம்பரங்கள் ஐந்தை நினைத்துக்கொள்ளுங்கள். பல்பொடி, கிரைப் வாட்டர், சோப்புத்தூள், வேட்டி, ஜவுளிக்கடை... எதுவானாலும் சரி. ஆச்சா? பத்தாம் வகுப்பு மனப்பாடச் செய்யுள் இரண்டாவது வரியிலேயே காலை வாரியிருக்கும். இவை வாராது. ராகத்தோடு வரும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அந்த ஐந்தில் ஏதாவது ஒன்றை எழுதிய ஆசாமியின் பெயர் தெரியுமா?

தெரியாது. எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் அந்தத் தொழிலில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன் நான்.

நம் ஊரில் பெயர் போடாத இடம் உண்டா? பத்திரிகைக்கு நாலு வரி ஜோக் அனுப்பினால் பெயரோடு ஊரையும் சேர்த்துப் போடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் இன்னும் பேச்சே வராத பொடியன் ‘தங்கள் நல்வரவை ஆவலுடன் எதிர்நோக்கும்’ லிஸ்டில் இருக்கிறான். கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயருக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில்தான் சாமிக்கே வெளிச்சம். விளம்பரம் எழுதுகிறவன் மட்டும் ஊருக்கெல்லாம் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெயரில்லாமல் வீட்டுக்குப் போகிறான்.

போன மாதம் பி.காம். முடித்த ஓர் இளைஞர் கேட்டார். “சார், விளம்பரக் கம்பெனியில கிரியேட்டிவா சேரலாம்னு இருக்கேன். வீட்டுல திட்டறாங்க. சேரலாமா?”

சேரலாமா கூடாதா என்று ஒரு வார்த்தையில் சொல்ல நான் ஜோசியன் இல்லை. அங்கே முதல் இரண்டு வருஷத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அப்புறம் அவர் பாடு, அவர் வீட்டார் பாடு.

* * *

எங்கள் ஊர் விருதுநகர். அப்பா ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதினார். நான் பி.காம். முடித்தபோது எனக்காக அவர் இரண்டு பாதை போட்டு வைத்திருந்தார். ஒன்று பாங்க் பரீட்சை. இன்னொன்று மதுரையில் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப். 2011ல் நான் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். (எங்கள் வீட்டில் அது அபாய அறிவிப்பு.)

“விளம்பரக் கம்பெனியா? சுவத்துல எழுதணுமாப்பா? உன் எழுத்து அவ்வளவு நல்லா இருக்காதே.”

“இல்லப்பா. என்ன எழுதணும்னு நான் சொல்வேன். எழுதறது வேற ஆளு.”

“சொல்றதுக்குச் சம்பளமா? எனக்குத் தெரிஞ்சு சொல்றதுக்குத் துட்டு வாங்குறது வக்கீலும் குறி சொல்றவனும்தான்.” கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி, ரெண்டு வருஷம் பாரு. ஒத்து வரலேன்னா பேசாம ஊருக்கு வந்துடு. மண்டியில சொல்லி வைக்கிறேன்.”

மண்டியில் சொல்லி வைத்தேவிட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் அந்தக் கம்பெனி. ரிசப்ஷன் பெண்மணி என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, “பி.காமா? அக்கவுன்ட்ஸ் மூணாவது மாடி” என்றார். இரண்டாவது மாடிக்குத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தார். இரண்டாவது மாடியில் இருந்தவர்கள் தாடி, குர்தா, காதில் கடுக்கன் என்று இருந்தார்கள். நான் மட்டும் இன் பண்ணின வெள்ளைச் சட்டை. டீ கொண்டுவந்த பையன் என்னிடம்தான் பில்லை நீட்டினான்.

எழுத்துத் தேர்வில் ஒரே கேள்வி. ‘தேங்காய்க்கு விளம்பரம் எழுதுக.’ பக்கத்தில் இருந்தவர் இயற்கை, பசுமை, தென்றல் என்று கவிதையில் இறங்கிவிட்டார். எனக்குத் தெரிந்தது காஸ்ட் அக்கவுன்டிங். தண்ணீர் குடிக்க, பருப்பு சமைக்க, எண்ணெய் தலைக்கு, நார் கயிறுக்கு, சிரட்டை அடுப்புக்கு என்று பட்டியல் போட்டுவிட்டு, மேலே இப்படி எழுதினேன்: ‘தேய்மானமே இல்லாத ஒரே சொத்து.’

வேலை கிடைத்தது. சம்பளம் எட்டாயிரம். பயிற்சிக் காலம் இரண்டு வருஷம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம். அப்பா கொடுத்த கெடுவும் கம்பெனி கொடுத்த கெடுவும் ஒரே மாதத்தில் முடிந்தன. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஜன்னல் பார்த்த கட்டிலுக்கு வாடகை இருநூறு ரூபாய் ஜாஸ்தி என்பதால் நான் சுவர் பார்த்த கட்டிலில் படுத்தேன்.

* * *

கிரியேட்டிவ் என்றதும் உங்கள் மனசில் ஒரு படம் ஓடும். சுழல் நாற்காலி, மேஜை மேல் கால், திடீரென்று ஒரு ‘ஆஹா!’, உடனே கைதட்டல்.

என் முதல் வருஷத்தில் நான் செய்த வேலை, உதடு எண்ணுவது.

பம்பாயில் ஹிந்தியில் எடுத்த விளம்பரத்துக்குத் தமிழில் குரல் கொடுக்க வேண்டும். ஹிந்திக்காரி வாயைத் திறக்கும்போது தமிழும் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டும். க, த, ர-வுக்கு ஒட்டாது. குளோஸ்-அப்பில் அவள் உதடு ஒட்டுகிற இடத்தில் நீங்கள் ‘க’ போட்டால், படத்தில் பேசுவது ஒருத்தி, சத்தம் வருவது பக்கத்து வீட்டில் என்று ஆகிவிடும்.

ஒரு பிஸ்கட் விளம்பரம். குழந்தை கடித்துவிட்டு “மம்மி!” என்கிறது. உதடு இரண்டு தடவை ஒட்டுகிறது. நம் ‘அம்மா’வில் ஒரே தடவைதான். அரை நாள் யோசித்து, “ம்... அம்மா!” என்று போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ‘ருசியைத் தமிழில்தான் சரியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்’ என்று கிளையன்ட் பாராட்டினார். ருசியாவது! நான் உதட்டைத்தான் எண்ணினேன்.

அதோடு நேரக் கணக்கு. முப்பது செகண்டு விளம்பரத்தில் தமிழில் ஐம்பது வார்த்தை தாண்டினால் குரல் கொடுப்பவருக்கு மூச்சு வாங்கும். கடைசி ஐந்து செகண்டு கம்பெனி பெயருக்கு. மிச்சத்தில்தான் அன்பு, பாசம், தள்ளுபடி எல்லாம். வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் இந்தக் கஞ்சத்தனம் மண்டிக் கணக்கர் வீட்டுப் பிள்ளைக்குச் சுலபமாக வந்தது.

அப்புறம் ஹெட்லைன். ஒரு விளம்பரத்துக்கு ஒரு ஹெட்லைன்தானே என்று முதல் தடவை ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் கிரியேட்டிவ் டைரக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“மத்த இருபத்தொன்பது எங்கே?”

“சார்?”

“முப்பது எழுதுங்க தம்பி. முதல் பத்து எல்லாருக்கும் தோணும். ரெண்டாவது பத்து படிச்சவனுக்குத் தோணும். மூணாவது பத்து எழுதும்போதுதான் அழுகை வரும். அங்கேருந்துதான் உங்க வேலை ஆரம்பம்.”

முப்பது எழுதினால் இருபத்தொன்பது குப்பைக்கூடைக்கு. சில நாள் முப்பதும். எங்கள் மாடியில் கூட்டுகிற ஆயா, “இன்னா தம்பி, நீதான் நெறைய வேலை செய்யிற போலக்கீது” என்று கூடையைப் பார்த்து அனுதாபப்படுவார். அந்தக் கட்டடத்தில் என் எழுத்தின் அளவை அறிந்த ஒரே ஜீவன்.

இது எனக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைத்திருந்தேன். பியூஷ் பாண்டே கதையைப் படித்ததும் சமாதானம் ஆனேன். ராஜஸ்தானுக்காக ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர், டீ ருசி பார்க்கும் வேலை செய்தவர், 1982ல் ஓகில்வி கம்பெனியில் சேர்ந்தார். அதுவும் எழுத்துப் பிரிவில் இல்லை, கிளையன்ட் சர்வீசிங்கில். தூர்தர்ஷனுக்காக ஒருமைப்பாட்டுப் பாடல் ஒன்று தேவைப்பட்டபோது ஹிந்தியில் எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். பதினேழு தடவை திரும்பி வந்தது. பதினெட்டாவது நின்றது. அதுதான் 1988 சுதந்திர தினத்தன்று ஒளிபரப்பான ‘மிலே சுர் மேரா துமாரா’. நம் பாலமுரளி கிருஷ்ணாவும் கமல்ஹாசனும் வருவார்களே, அதே பாட்டு. நாடே பாடியது. எழுதியது யார் என்று நாட்டுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். பிறகு ஃபெவிகால், காட்பரி என்று பெரும் பெயர் வாங்கினார், 2016ல் பத்மஸ்ரீ ஆனார், 2025 அக்டோபரில் மறைந்தார். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தப் பதினேழைத்தான்.

சத்யஜித் ரே 1943ல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தபோது ஜூனியர் விஷுவலைசர். சம்பளம் மாதம் எண்பது ரூபாய். ‘பதேர் பாஞ்சாலி’ எடுக்கத் தொடங்கியபோதும் அவர் விளம்பரக் கம்பெனி ஆசாமிதான். 1992ல் ‘ரோஜா’ வருவதற்கு முன் ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பர ஜிங்கிள்கள் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் காபி வாங்கினார்கள், வாட்ச் வாங்கினார்கள். இசை யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

* * *

இங்கே பி.காம். புத்தி ஒன்று சொல்லும். ‘சரி, பெயர்தான் இல்லை. பணம் எப்படி வருகிறது?’

வேடிக்கையான கணக்கு இது. பழைய முறைப்படி, பத்திரிகையில் ஒரு லட்ச ரூபாய்க்கு விளம்பரம் போட்டால் அதில் பதினைந்து சதவீதம் விளம்பரக் கம்பெனிக்குக் கமிஷன். அதாவது பதினைந்தாயிரம். கிளையன்ட் அதே வரியை முழுப் பக்கத்தில் போட்டால் கமிஷனும் பெருக்கிக்கொண்டு போகும். மூளையைக் கசக்கி எழுதிய ஹெட்லைனுக்கு பில்லில் தனி வரி கிடையாது. இடத்துக்கு விலை, எழுத்து இனாம்! பிற்பாடு மாதக் கட்டணம், வேலைக்கு இவ்வளவு என்றெல்லாம் முறைகள் மாறின. ஆனாலும் கிளையன்ட்டுகள் மனசில் எழுத்து இன்னும் இனாம்தான். கறிவேப்பிலைக்குக் காய்கறிக் கடையில் யார் காசு கொடுக்கிறார்கள்?

இனாமாக வந்ததை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் அல்லவா? முதலாளி திருத்துவார், மேனேஜர் திருத்துவார், முதலாளியின் மைத்துனர் திருத்துவார். ஒரு ஜவுளிக்கடை அதிபர் என் ஹெட்லைனை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினார். அந்த அம்மாள் நன்றாக இருக்கிறது என்றார்களாம். மறுநாள் வந்து சொன்னார்: “வீட்டுல பிடிச்சிருக்குன்னுட்டாங்க. எனக்குத்தான் சந்தேகமா இருக்கு. அவங்க எதையும் பிடிச்சிருக்குன்னு சொன்னதே இல்லியே!” வேறு எழுதச் சொல்லிவிட்டார்.

எல்லாரும் ஒருமனதாகச் சொல்வது ஒன்றுதான். “லோகோவைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க.” ஒவ்வொரு சுற்றிலும் லோகோ வளரும், எழுத்து தேயும். நாலாவது சுற்றில் லோகோவுக்கு நடுவே விளம்பரம் போட இடம் கிடைக்குமா என்று பார்ப்போம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கலாம். தாங்க முடியாதது ஒன்று, பயிற்சிக் காலம் முடிய மூன்றே மாதம் இருந்தபோது வந்தது.

* * *

2013. ஒரு டெபாசிட் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. நிலமும் பண்ணையும் காட்டிப் பணம் வாங்குகிற கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அரைப் பக்கம், கலரில், பல வாரத்துக்கு. பதினைந்து சதவீதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மூன்றாவது மாடியில் லட்டு கொடுக்காத குறைதான். எழுதும் வேலை எனக்கு. ‘இது கிளிக் ஆனா உன்னைக் கன்ஃபர்ம் பண்றது ஈஸி’ என்று கிளையன்ட் சர்வீசிங் சார் தோளில் தட்டினார்.

பிரீஃப் தாளில் இருந்தது இதுதான்: ‘லட்சத்துக்கு மாதம் மூவாயிரம். இலக்கு வாசகர்: ஓய்வு பெற்றவர்கள், நடுத்தரக் குடும்பப் பெண்கள்.’

முப்பது ஹெட்லைன் எழுத உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் முதலில் எழுதியது ஹெட்லைன் இல்லை, கணக்கு. மாதம் மூவாயிரம் என்றால் வருஷம் முப்பத்தாறாயிரம். முப்பத்தாறு சதவீதம். அன்றைக்கு வங்கி டெபாசிட்டுக்கு ஒன்பது சதவீதம் ஒட்டித்தான் வட்டி. வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் டெபாசிட்டுக்குப் பன்னிரண்டரை சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று 2007லேயே ரிசர்வ் வங்கி கோடு போட்டிருந்தது. முப்பத்தாறு கொடுக்க வேண்டுமானால் அவன் அதைவிட அதிகம் சம்பாதிக்க வேண்டும். ஆபீஸ் வாடகை, ஏஜென்ட் கமிஷன், எங்கள் பதினைந்து சதவீதம் வேறு. பருப்பில் இல்லாத லாபம், பண்ணையில் எங்கேயிருந்து வரும்? நேற்று போட்டவன் பணத்தை எடுத்து முந்தாநாள் போட்டவனுக்கு வட்டி கொடுத்தால்தான் வரும்.

அதற்கு முந்தைய வருஷம்தான் கொங்குப் பக்கத்தில் ஈமு கோழித் திட்டங்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அதற்கு முன்னால் தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் மூடிக்கொண்டு போனதில்தான் 1997ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே தமிழ்நாட்டில் வந்தது. எல்லாவற்றுக்கும் நல்ல விளம்பரம் இருந்தது. யாரோ உட்கார்ந்து முப்பது ஹெட்லைன் எழுதியிருக்கிறார்கள்.

நான் புரட்சி எதுவும் பண்ணவில்லை. எட்டாயிரம் ரூபாய்க் கட்டிலில் படுப்பவனுக்கு அவ்வளவு தைரியம் ஏது? கமர்ஸ் படித்தவன் செய்வதைச் செய்தேன். டெபாசிட் விளம்பரத்தில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்று 1977லிருந்தே மத்திய அரசு விதி உண்டு. அதைச் சொல்லி, “சார், அடியில போட ரிசர்வ் பாங்க் பதிவு எண் வேணும். வாங்கிக் குடுங்க” என்று கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்குப்பா? நீ காப்பிரைட்டரா, ஆடிட்டரா?”

“அடியில வர்ற வரியும் காப்பிதானே சார்?”

சார் நேரே கிரியேட்டிவ் டைரக்டரிடம் போனார். என்னைக் கூப்பிட்டார்கள். தாளில் நான் போட்டிருந்த கணக்கை டைரக்டர் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தார். கம்பெனிக்கு அந்த வருஷம் நல்ல வருஷம் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

“நம்பர் வரட்டும். வந்ததும் பண்ணலாம்” என்று லேஅவுட்டைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டார்.

நம்பர் வரவில்லை. கிளையன்ட்டும் அப்புறம் வரவில்லை.

* * *

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம் வந்தது. அரைப் பக்கம், கலர். வேறு கம்பெனி செய்தது. ‘உங்கள் பணம் தூங்குகிறதா? எழுப்பி வேலைக்கு அனுப்புங்கள்.’

நல்ல வரி, சார். பொறாமையாக இருந்தது. என் முப்பதில் அப்படி ஒன்று இருந்திருக்காது. அதை எழுதியவன் என்னைப் போல ஒரு மேன்ஷனில், என்னைப் போல ஒரு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவனாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் மேன்ஷன் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிடப் போனேன். மெஸ் நடத்திய அக்கா மதுரைக்காரர். கணவர் இல்லை. ஒரு பெண், நர்சிங் சேரக் காத்திருந்தாள். சாம்பாரை ஊற்றிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பேப்பர் துண்டை எடுத்து நீட்டினார். அதே விளம்பரம். ஓரத்தில் மஞ்சள் கறை.

“தம்பி, நீ இந்த வேலைதானே பாக்குற? சீட்டுப் பணம் எழுபத்தஞ்சாயிரம் வந்துருக்கு. பாப்பா ஃபீஸுக்கு வச்சது. இதுல போடலாமா?”

எனக்கு சாதம் இறங்கவில்லை. அதுவரை ‘இலக்கு வாசகர்’ என்றால் பிரீஃப் தாளில் ஒரு வரி. இப்போது கையில் கரண்டியோடு எதிரே நிற்கிறார்.

“போடாதீங்கக்கா. மாசம் மூணு வட்டிக்கா இது.”

அக்கா ஒரு விநாடிதான் யோசித்தார். நான் தாள் முழுக்கப் போட்ட கணக்கை ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

“மூணு வட்டி வாங்குறவனைத்தான் நான் பாத்துருக்கேன். குடுக்கறேன்னு எவன் சொல்லுவான்?”

பேப்பரைக் கிழித்து இலைக்கு அடியில் போட்டார். பணம் போஸ்ட் ஆபீஸுக்குப் போனது.

எட்டு மாதத்தில் அந்தக் கம்பெனியின் ஷட்டர் இறங்கியது. பொருளாதாரக் குற்றப் பிரிவு வாசலில் ரசீதும் கையுமாக நின்றவர்கள் படம் பேப்பரில் வந்தது. சிலர் கையில் அந்த விளம்பரத்தின் கட்டிங். முதலாளி பெயர், டைரக்டர்கள் பெயர், ஏஜென்ட்டுகள் பெயர் எல்லாம் செய்தியில் இருந்தது. அந்த நல்ல வரியை எழுதியவன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. 2019ல் வந்த மத்திய சட்டம், முறைப்படுத்தாத டெபாசிட் திட்டத்துக்கு விளம்பரம் கொடுப்பதையே குற்றம் ஆக்கிவிட்டது. அன்று அது இல்லை. இருந்தது ஒரு காப்பிரைட்டரும் அவன் முன்னால் ஒரு வெள்ளைத் தாளும்தான்.

என்னை நிரந்தரம் ஆக்குவது நாலு மாதம் தள்ளிப் போனது. சம்பள உயர்வு ஐந்நூறு ரூபாய். லட்டு கிடையாது.

* * *

கெடு முடிந்து ஊருக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் வராத தொழில் என்பதையும் சொன்னேன். அவர் பேரேட்டை என் பக்கம் திருப்பினார்.

“முப்பது வருஷமா எழுதறேன். இதுல எங்கயாவது என் கையெழுத்து இருக்கா, பாரு.”

இல்லை.

“முதலாளி கையெழுத்து இருக்கும். ஆடிட்டர் கையெழுத்து இருக்கும். என் கையெழுத்து இருக்காது. ஆனா எழுதியிருக்கிற கை யாருதுன்னு பஜார்ல எல்லாருக்கும் தெரியும்.” மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மண்டியில வேற பையனைப் பாத்துக்கச் சொல்லிடறேன்.”

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆசீர்வாதம்.

ஆகவே பி.காம். தம்பி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பெயருக்காகச் சேராதீர்கள். விளம்பர உலகத்தில் கம்பெனிகளுக்கே பெயர் நிலைப்பதில்லை. 1864ல் ஆரம்பித்த ஜே. வால்டர் தாம்ப்சனை 2018ல் வுண்டர்மேனோடு சேர்த்தார்கள். 2023ல் அந்த இரட்டைப் பெயரும் போய் வி.எம்.எல். என்றானது. நூற்றைம்பது வருஷப் பலகைக்கே அந்தக் கதி என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

ஹெட்லைன் எழுதத் தெரியும் என்பதற்காகவும் சேராதீர்கள். இன்று கம்ப்யூட்டரைக் கேட்டால் டீ ஆறுவதற்குள் முந்நூறு எழுதித் தருகிறது. அழுகையே இல்லாமல். ஆனால் அது எந்த மெஸ்ஸிலும் சாப்பிடுவதில்லை. பதிவு எண் எங்கே என்று யாராவது மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டாக வேண்டும். கேட்கிறவருக்கு இன்க்ரிமென்ட் தள்ளிப் போகலாம், அதற்கும் தயாராக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். முடிந்தால் சுவர் பார்த்த கட்டிலாக எடுங்கள். மாதம் இருநூறு மிச்சம்.

அக்காவின் பெண் நர்சிங் முடித்து இப்போது வேலையில் இருக்கிறாள். அக்கா மெஸ்ஸை விடவில்லை. திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் நான் இன்றைக்கும் அங்கேதான் சாப்பிடுவேன். போன தடவை டி.வி.யில் ஒரு ஷாம்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, இது நீ எழுதினதா?”

“இல்லக்கா.”

“அப்பச் சரி, வாங்கலாம்” என்றார் அக்கா. “நீ எழுதினதுன்னா, இதுல என்ன தப்புன்னு சொல்லி வாங்க விடமாட்டியே!”